ஒல்லி டம்ளரில் பால் அதிகமா?

ஆடி பதினெட்டுக்குக் கொல்லிமலை போயிருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டில் நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததுதான் தாமதம், அவர் மருமகள் நாலு வயசு மகனை என் முன்னால் நிறுத்தினார்.

"இவனுக்குப் புத்தி மந்தமோன்னு பயமா இருக்குங்க டாக்டர். ஒரே அளவு பாலை ரெண்டு டம்ளர்ல ஊத்தினா, ஒல்லி டம்ளர்லதான் நிறைய இருக்குன்னு அழறான். மாத்தி ஊத்திக் காட்டினாலும் கேக்கறதில்லை. நாத்தனார் பையன் இந்த வயசுல ஏபிசிடி முழுக்கச் சொன்னானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்விட்சர்லாந்தின் ழான் பியாஜே (1896-1980) என்ற அறிஞர் குழந்தைகளிடம் செய்து பார்த்த சோதனையே இதுதான்! நாலு வயதில் கண் உயரத்தை மட்டும் பார்க்கும். அகலத்தைச் சேர்த்து யோசிக்காது. பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில்தான் 'மாற்றி ஊற்றினாலும் அளவு அதேதான்' என்பது பிடிபடும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மேகம் கறுத்தது. பையன் உள்ளே ஓடினான். "அப்பாயி, மழை வருது, சாமை நனைஞ்சிரும்!" மேகத்தையும் மழையையும் வாசலில் காய்கிற சாமையையும் தானே முடிச்சுப் போட்டுவிட்டானே! ஏபிசிடி ஒப்பிப்பது ஞாபகம், இதுதான் யோசனை.

குழந்தையின் அறிவை இப்படி அன்றாடக் காரியங்களில் பாருங்கள். ஒரு வயதில் ஒளித்து வைத்த பொம்மையைத் தேடும். இரண்டில் "பால் வேணும்" என்று இரண்டு வார்த்தை சேர்க்கும். மூன்றில் கொட்டாங்கச்சியில் மண் சோறு ஆக்கி உங்களுக்கே பரிமாறும், 'ஏன், எங்கே' என்று துளைத்தெடுக்கும். கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

அந்த வீட்டில் எனக்குக் கவலை தந்தது, இரண்டு வயது முடிந்த தங்கைதான். ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. "அவ ரொம்ப சமத்துங்க, தொந்தரவே இல்லை" என்றார் தாய். "இவ அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்றார் பாட்டி.

இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். பெயருக்குத் திரும்பாத குழந்தை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்க்காத குழந்தை, பேசிய வார்த்தைகளை மறந்துவிட்ட குழந்தை - இவர்களுக்குப் பொறுத்துப் பார்ப்பது கூடாது. முதலில் காது பரிசோதனை. கூடவே தைராய்டு ரத்தப் பரிசோதனை. பிறவியிலேயே தைராய்டு குறைவென்றால் முதல் சில வாரங்களிலேயே மாத்திரை தொடங்க வேண்டும். தள்ளிப்போனால் இழந்ததை முழுசாக மீட்க முடியாது. (சமையலுக்கு அயோடின் உப்புதானா என்றும் பாருங்கள். மலை மண்ணில் மழை அயோடினை அடித்துக்கொண்டு போய்விடும்.)

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் இந்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் மாவட்ட மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

சின்னவளை அந்த வாரமே நாமக்கல் அழைத்துப் போனார்கள். இரண்டு காதிலும் நீர் கோத்திருந்ததாம். சிகிச்சை நடக்கிறது.