டிராக்டர் ரேடியேட்டரைக் கழுவிப் பராமரிக்கும் முறை

வெந்நீர் காய்ச்சும் அண்டாவின் அடியில் வெண்ணிற உப்புப் படிவதை உழவர் பெருமக்கள் அறிவர். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு, மக்னீசிய உப்புக்கள் சூடேறும்போது பிரிந்து ஒட்டுவதே அதற்குக் காரணம். பித்தளை அண்டாவைப் புளியிட்டுத் தேய்த்துவிடலாம். அதே நீரை டிராக்டரின் ரேடியேட்டரில் நாள்தோறும் ஊற்றினால், மெல்லிய குழாய்களிலும் எஞ்சினின் உட்சுவரிலும் உப்புப் படியும். அங்கே நம் கை எட்டாது. வெப்பம் வெளியேற வழியின்றி, சேறடிக்கும் நாளில் எஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கெட் பழுதாகி, வண்டி வயலிலேயே நின்றுவிடுகின்றது. நாற்று முற்றிக்கொண்டிருக்க, வாடகை வண்டி தேடி அலைவோரை நாம் பருவந்தோறும் காண்கின்றோம்.

எஞ்சின் முற்றும் ஆறிய பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். மூடிய ரேடியேட்டரில் அழுத்தம் மிகுதியாதலால் நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதியாது அடங்கியிருக்கும். திறந்த கணமே ஆவியாய்ச் சீறும். முன்பு நமது ஜீப்பின் ஓட்டுநர் அவ்வாறு திறந்து முன்கை வெந்துபோனார். கூட்டத்திற்கு நேரமாயிற்று என அவரை விரைவுபடுத்தியவர் நாமே.

அடித்திருகைத் திறந்து பழைய நீரை வடித்த பின், தூய நீர் நிரப்பி எஞ்சினை ஓடவிடுக. ஐந்து நிமிடம் ஓட்டி வடித்துவிட்டுக் கழுவியாயிற்று என்பார் சிலர். அது பாதி வேலையே. தெர்மோஸ்டாட் என்னும் வெப்ப வால்வு திறந்த பின்னரே எஞ்சினுள் நின்ற நீர் ரேடியேட்டருக்கு வந்து சேரும். மேற்குழாய் நன்கு சூடேறுவதே அதற்கு அடையாளம். பின்னர் நிறுத்தி, ஆறவைத்து, வடித்தல் வேண்டும். தெளிந்த நீர் வரும்வரை இதனைத் திரும்பச் செய்க. ஆறுமுன் குளிர்நீரை ஊற்றினால் எஞ்சின் தலைப்பகுதி விரிசல் காணக்கூடும். முன்னாளில் சலவைச் சோடா கரைத்துக் கழுவுவர். செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு அது பொருந்தியது. அலுமினியத்தை அது அரித்துவிடும்.

நிரப்புவதற்குக் கிணற்று நீர் ஆகாது. பாட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரும் கூலண்டும் சமபங்கு கலந்து ஊற்றினால் உப்புப் படிவும் துருவும் தடைப்படும். கலந்தே விற்கப்படும் கூலண்டில் நீர் சேர்த்தல் கூடாது. மூடியின்றிச் சற்றே ஓடவிட, உள்ளிருந்த காற்று வெளியேறி மட்டம் தாழும். குறைந்த அளவை மீண்டும் நிரப்புக. மாற்றும் காலம் வண்டியின் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருப்பின், அதில் நீர் கலந்துவிட்டது என்று பொருள். வண்டியை இயக்காது மெக்கானிக்கிடம் காட்டுக.

ஊராட்சி உறுப்பினர்கள் கருத வேண்டியது வடித்த நீரைப் பற்றியது. கூலண்டில் பெரும்பாலும் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. அதைக் குடிக்கும் நாயும் ஆடுமாடும் சிறுநீரகம் கெட்டு மடியக்கூடும். நம் ஊர்களில் வண்டி கழுவும் இடமோ பல வேளைகளில் ஊருணிக் கரையாகவே இருக்கின்றது. ஆங்கு வடிப்பதை மன்றம் தடுத்தல் வேண்டும். வடிந்ததை வாளியில் பிடித்து, மூடியுள்ள கேனில் அடைத்து, பெயர் எழுதி ஒட்டி, அதனை ஏற்றுக்கொள்ளும் பணிமனையில் ஒப்படைக்கலாம். குளிர்பானப் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைத்தல் ஆகாது. வீட்டில் குழந்தைகள் இருப்பர்.