கண்ணாடி மாறினால் கேமராவும் கவனிக்கப்பட வேண்டும்

நெடுஞ்சாலையில் லாரியிலிருந்து தெறிக்கும் ஒரு சிறுகல் போதும், மகிழுந்தின் முன்கண்ணாடியில் விரிசல் விழ. புதுக் கண்ணாடியைப் பொருத்தியதும் வேலை முடிந்தது என்றே பலர் எண்ணுகின்றனர். ஆனால், புதிய மகிழுந்துகள் பலவற்றில் அக்கண்ணாடியின் உட்புறம் ஒரு கேமரா இருக்கிறது. மலேசியாவில் 2017இல் வெளிவந்த மைவியின் உயர்வகையிலேயே இத்தகைய கேமரா இடம்பெற்றது. முன்செல்லும் வாகனங்களை இது கவனிக்கிறது. மோதும் ஆபத்து நெருங்கினால் ஓட்டுநரை எச்சரிக்கும், தேவைப்பட்டால் பிரேக்கையும் இயக்கும்.

கண்ணாடியை மாற்றும்போது கேமரா ஒரே ஒரு பாகை பக்கவாட்டில் திரும்பினாலும், 100 மீட்டர் தொலைவில் அதன் பார்வை ஏறத்தாழ 1.75 மீட்டர் விலகிவிடும். 3.5 மீட்டர் அகலமுள்ள தடத்தில் அது சரிபாதி! பக்கத்துத் தடத்தில் செல்லும் வாகனத்தைத் தனக்கு நேரே செல்வதாகக் கேமரா கருதக்கூடும். அப்போதும் எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்கலாம் என்பதே கவலைக்குரியது.

ஆகவே, பணிமனையில் மகிழுந்தைச் சமதளத்தில் நிறுத்தி, டயர்க் காற்றைச் சரிபார்த்து, அளந்த தொலைவில் குறிப்பலகையை வைத்து, கணினியின் துணையோடு கேமராவின் பார்வையை நேராக்குவர். சில மகிழுந்துகளைக் கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் சீரான வேகத்தில் ஓட்டித்தான் இதைச் செய்ய முடியும். அடைமழை பெய்தால் அந்த வேலை நடக்காது.