கிலுகிலுப்பைக்குக் கை நீளட்டும்

அன்புள்ள தங்கைக்கு,

பார்வையில்லாத ஒன்பது மாதக் குழந்தை நன்றாக உட்காருகிறது, கைகாலில் பலமும் இருக்கிறது, ஆனாலும் தவழ மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். உடற்பயிற்சியைக் கூட்டலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். அது எதற்காகத் தவழ வேண்டும் என்று முதலில் யோசி.

பார்வையுள்ள குழந்தை ஐந்து மாதவாக்கில் எதிரே தெரிவதை எட்டிப் பிடிக்கிறது. பிறகு எட்டாத பொருள் அதை முன்னால் இழுக்கிறது. இந்தக் குழந்தைக்கு அந்த இழுப்பு இல்லை. சத்தம் போதாதா என்பாய். பார்வையற்ற சிசுக்களைத் தொடர்ந்து கவனித்த செல்மா ஃப்ரைபர்க் 1977-இல் வெளியிட்ட நூலைப் படி. சத்தம் வரும் இடத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்று அவர்களுக்குப் பிடிபடவே முதல் வயதின் கடைசி மாதங்கள் ஆகிவிடுகின்றன. ஒலியை நோக்கிக் கைநீட்டிய பிறகுதான் தவழ்கிறார்கள்.

ஆகவே கையிலிருந்து தொடங்கு. கிலுகிலுப்பையைக் கொடுத்து ஆட்டவிடு. மெல்ல வாங்கி, விரல் படும் தூரத்திலேயே ஒலியெழுப்பு. டிவியை அணைக்கச் சொல். அப்புறம் பேசாமல் காத்திரு. நம்மில் பலருக்கு வராதது இதுதான். முகத்தில் ஒன்றும் தெரியாது, விரல்களைப் பார்: கிலுகிலுப்பை இருந்த இடத்தை அவை துழாவும். கையைப் பிடித்து இழுத்துப் பொருள்மேல் வைக்காதே. உன் கை அதன் கைக்கு அடியில் போகட்டும். பிடிக்காவிட்டால் குழந்தை தன் கையை எடுத்துக்கொள்ளும். குப்புறப் போட்டால் அழத்தான் செய்யும், தலைதூக்கிப் பார்க்க அதற்கு என்ன இருக்கிறது? அம்மா மல்லாந்து படுத்து, மார்மேல் குப்புறப் போட்டுக்கொண்டு பேசட்டும். சக்கரம் வைத்த வாக்கர் மட்டும் கூடவே கூடாது. குழந்தையின் பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அடுத்து, நீ எழுதிய அந்தக் காது கேளாத பையன். அவனை எல்லோரும் சோம்பேறி என்கிறார்கள் என்றாயே, எனக்கு அதில் சந்தேகம். கேட்கும் உறுப்பும் நிலைதடுமாறாமல் காக்கும் உறுப்பும் உள்காதில் ஒட்டியே இருப்பவை. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே பழுதாகிவிடும். தலை நிற்பது, உட்காருவது, நடப்பது எல்லாமே தாமதமாகும். அவனுக்கு உள்காதில் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்தது கேட்பதற்காக; தடுமாற்றம் அதனால் போய்விடும் என்று எண்ணாதே. இருட்டில் விழுகிறானா என்று அவன் அம்மாவிடம் கேள். கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொல், பக்கத்திலேயே நின்றுகொள். தள்ளாடினால் காது மருத்துவரிடம் சமநிலைச் சோதனை கேட்டு எழுது. அது முடியும்வரை கிணற்றில் தனியாக நீச்சல் பழக விடவேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடு. கண்ணை மூடி முங்கினால் மேலே எது, கீழே எது என்று அவனுக்குத் தெரியாமல் போகலாம்.

அன்புடன்,
அக்கா