கடல் மீனும் கல்லுப்பும் தைராய்டு மாத்திரைக்கு ஈடாகுமா?

கோவளம், செய்யூர் பக்கம் உப்பளங்கள். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கரைகளில் அன்றாடம் வந்திறங்கும் மீன். உப்பும் மீனும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில், "நமக்கு எப்படி தைராய்டு வரும்?" என்று கேட்பதில் வியப்பில்லை. வந்த பிறகோ, மாத்திரையைச் சுற்றியே நூறு யோசனைகள். சுரப்பி தரத் தவறிய தைராக்சின் ஹார்மோனை ஈடுகட்டுவதுதான் லெவோதைராக்சின் மாத்திரை. அதைப் பற்றி உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: கடலோரத்தில் அயோடினுக்குக் குறைவில்லை, மாத்திரை எதற்கு?

உண்மை: சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. கடலோர நகரங்களில் அளவு சற்றுக் குறைவு, அவ்வளவுதான். அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் இந்தக் குறைபாட்டுக்கு முதன்மைக் காரணம், உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். அதை மீன் குழம்பால் சரிசெய்ய முடியாது. அளவுக்கு மீறிய அயோடின் நிலைமையை மோசமாக்கவும் கூடும். உப்பளத்துக் கல்லுப்பில் இயற்கையாக இருக்கும் அயோடினும் மிகச் சொற்பம். அதனால்தான் கடை உப்பில் பத்து லட்சத்துக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

நம்பிக்கை: வெறும் வயிற்றில் போட்டாயிற்று, இனி காபி குடிக்கலாம்.

உண்மை: மாத்திரையும் காபியும் அடுத்தடுத்துப் போனால் மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். விடியுமுன் கடலுக்கோ மீன் வியாபாரத்துக்கோ கிளம்புபவர்களுக்கு அது முடியாமல் போகலாம். அவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம். நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், படுக்கும் நேரத்தில் போட்டவர்களுக்கு ஹார்மோன் அளவு நன்றாகவே இருந்தது.

நம்பிக்கை: எல்லா மாத்திரையையும் ஒரே வாயில் போட்டுவிட்டால் மறக்காது.

உண்மை: இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இடையில் நான்கு மணி நேரம் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவ்விரண்டையும் வாங்கும் கர்ப்பிணிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நம்பிக்கை: கர்ப்பத்தில் தைராய்டு மாத்திரை குழந்தைக்கு ஆகாது.

உண்மை: நிறுத்துவதுதான் ஆபத்து. முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. பெரும்பாலான தாய்மார்களுக்கு அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும். கர்ப்பம் உறுதியான உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு சரியாகிவிட்டது; மாத்திரையை நிறுத்திவிடலாம்.

உண்மை: மாத்திரை போட்டதால்தான் அது சரியானது. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாளாகும். ஆகவே நிறுத்தியதும் ஒன்றும் தெரியாது; சோர்வும் மலச்சிக்கலும் சில வாரம் கழித்து மெல்லத் திரும்பும். பிரசவத்துக்குப் பிறகு தற்காலிகமாக வரும் குறைபாடு போன்ற சிலவற்றில் நிறுத்த இடமுண்டு. அதை மருத்துவர் சொல்ல வேண்டும். தைராக்சின் ரத்தத்தில் மெதுவாகவே குறைவதால், ஒருநாள் மறந்தாலும் பதற வேண்டாம். அன்றே நினைவு வந்தால் போடலாம். மறுநாள் ஆகிவிட்டால் அன்றைய மாத்திரை மட்டும் போதும்.

நம்பிக்கை: கூடுதலாகப் போட்டால் உடம்பு இளைக்கும்.

உண்மை: இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். எடை குறைக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கிறார்கள்.

கடற்காற்றின் ஈரமும் வெயிலும் மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும். பாட்டிலை அடுப்பங்கரையிலும் ஜன்னலோரத்திலும் வைக்காமல், இறுக மூடி, நிழலான உலர்ந்த இடத்தில் வையுங்கள். அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பாருங்கள், அன்று காலை ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையானாலும் ஊர் சுகாதார நிலையமானாலும், போகும்போது வாயுத் தொல்லை மாத்திரை உட்பட வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்தையும் எடுத்துச்சென்று காட்டுங்கள்.