முதல் அளவைத் தவறவிடாதே

இராமநாதபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

சாயல்குடிப் பனங்காட்டிலிருந்து நீ எழுதிய கடிதத்தில் ஒரு வரி என்னை விடவே இல்லை. “சர்க்கரை மீட்டரில் 1.010 வந்தது, அப்படியானால் பதநீரில் இரண்டரை சதவீதம் சர்க்கரை மிச்சம்” என்கிறாய். லண்டனில் வீட்டிலேயே பீர் காய்ச்சும் உன் அண்ணனும் அதைச் சர்க்கரை மீட்டர் என்றுதான் சொல்வாராம். அவர் சொல்லட்டும். வேதியியல் படிக்கிற நீ சொல்லக் கூடாது.

அது ஹைட்ரோமீட்டர்; அதற்குச் சர்க்கரையைத் தெரியாது. வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போய்ப் பார். அங்கும் அதே கருவிதான், பாமே அளவுகோலோடு. கடல்நீரில் மூன்று டிகிரி சொச்சம் காட்டும். வெயிலில் நீர் சுண்டச் சுண்ட ஏறி, 25-ஐத் தொட்டதும் உப்பு படியத் தொடங்கும். 29, 30 ஆவதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். விட்டால் மெக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும். அந்தப் பாத்தியில் துளிச் சர்க்கரை உண்டா? மீட்டர் சொல்வது கனத்தை மட்டும். அது எதனால் வந்த கனம் என்று அறிவது உன் வேலை.

பதநீர் புளிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. சர்க்கரை கனம் கூட்டும்; சாராயத்தின் ஒப்படர்த்தியோ, நீரை 1 எனக் கொண்டால், 0.79 தான். ஆகவே உன் 1.010 வெறும் சர்க்கரைத் தண்ணீராகவும் இருக்கலாம், 1.050-ல் தொடங்கி ஐந்து சதவீதச் சாராயம் ஏறிய கள்ளாகவும் இருக்கலாம். புளிக்குமுன் எடுத்த அளவிலிருந்து பின்னளவைக் கழித்து 131-ஆல் பெருக்கினால், சாராயம் கன அளவில் எத்தனை சதவீதம் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். வடித்துப் பார்க்க ஆய்வகம் இல்லாதவன் முதல் அளவைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான்!

முதல் அளவின் அருமையை முழுதாக உணர்ந்தது ஒரு வரிச் சட்டம். பிரிட்டனில் 1880-ல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்துவிட்டு, புளிக்குமுன் இருந்த ஒப்படர்த்தியின் மேல் பீர் வரியை வைத்தார், 1.057 அன்றைய அடிப்படை. 1993-ல்தான் வரி சாராய அளவுக்கு மாறியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே வரிக் கணக்கு தொடக்கக் கனத்தில்தான் நடந்தது. இன்னும் பின்னே போனால், சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் சைனீசியஸ் தன் ஆசிரியை ஹைப்பேஷியாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. குழலையும், அதில் போட வேண்டிய கோடுகளையும், அடியில் வைக்கும் எடையையும் விளக்கி, நம் ஹைட்ரோமீட்டர் போன்ற ஒரு கருவியைச் செய்து தரச் சொல்கிறார். மாணவன் ஆசிரியருக்கு எழுதுவதென்றால் அப்படி எழுத வேண்டும்: அளவும் அமைப்பும் தெளிவாக.

இங்கே தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. பதநீர் புளிக்காமல் கருப்பட்டிக் கொப்பரைக்குப் போகிறதா என்பதே உன் ஆய்வு. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் மரத்திலேயே புளிப்பு தொடங்கிவிடும். அதில் எடுப்பது முதல் அளவே ஆகாது. சுண்ணாம்புக் கலயத்தைப் பனையேறி காலையில் இறக்கியதும், மரத்தடியிலேயே வடிகட்டி அள. சுண்ணாம்புத் தூளும் கனம் காட்டும். மீட்டரில் ஒட்டும் குமிழிகள் அதை மேலே தூக்கிப் பொய் சொல்ல வைக்கும், சுழற்றி உதறிவிடு. உன் மீட்டர் 20 டிகிரிக்குக் கோடிட்டது. திரவம் 32 டிகிரியில் இருந்தால் 0.003 கூட்டிக்கொள்.

அடுத்த கடிதத்தில் ஒப்படர்த்தியை மட்டும் எழுதி அனுப்பாதே. திரவத்தின் வெப்பநிலையும், கலயம் இறக்கிய நேரமும், அளந்த நேரமும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவை இல்லாத எண்ணை நான் படிக்கப் போவதில்லை.

அன்புடன்,
உன் ஆசிரியர்