தோல் ஜாக்கெட்: தொட்டுப் பார்த்தால் போதுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் பக்கத்திலேயே இருந்தும், ஜாக்கெட் வாங்கப் போனால் நமக்குக் கைகொடுப்பது செவிவழிச் செய்திகள்தான். அவற்றில் சிலவற்றைச் சோதித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: தோல் தடியாக இருந்தால்தான் உழைக்கும்.

உண்மை: உழைப்பு, உள்ளே நார்கள் எப்படிப் பின்னியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. வெள்ளாட்டுத் தோலில் பின்னல் நெருக்கம். ஒரு மில்லிமீட்டர் தடிமனிலேயே சுலபத்தில் கிழியாது. அமெரிக்கக் கடற்படை விமானிகளின் ஜி-1 ஜாக்கெட் இந்தத் தோலில்தான் பேர் வாங்கியது. செம்மறித் தோலில் மயிர்க்கால்களும் கொழுப்பும் நிறைய இடம் பிடித்துக்கொள்வதால் பின்னல் தளர்வு. அது மெத்தென்று உடம்போடு ஒட்டுவதற்கும், ஆணியில் மாட்டினால் கிழிந்துவிடுவதற்கும் காரணம் ஒன்றே.

நம்பிக்கை: ‘ஜென்யூன் லெதர்’ என்றால் உயர்ந்த ரகம்.

உண்மை: அசல் தோல் என்பதற்கு மேல் அந்த முத்திரை எதற்கும் உத்தரவாதம் தராது. தடித்த மாட்டுத் தோலை இயந்திரத்தில் அடுக்காகப் பிளப்பார்கள். மயிர் இருந்த மேல் அடுக்கு உறுதியானது. அடியில் கிடைக்கும் ‘ஸ்பிளிட்’ வலுக்குறைந்தது. அதன்மேல் பாலியூரித்தேன் பூசி, தோல்வரி போல அச்சு பதித்தால் கடை வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் அதே முத்திரை இருக்கலாம். வரி ஒரே சீராக, ஒரு தழும்புகூட இல்லாமல் இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

நம்பிக்கை: தீக்குச்சி வைத்தால் அசல் தெரிந்துவிடும்.

உண்மை: அசல் தோலின் மேலும் பூச்சு உண்டு, அதுவும் கருகும். மணத்தையும் நம்ப முடியாது. ரெக்சினுக்கும் தோல்வாசனை ஏற்றலாம். வெட்டு விளிம்பு எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். நார்நாராக இருந்தால் தோல். துணிமேல் படலம் ஒட்டியதுபோல் இருந்தால் ரெக்சின்.

நம்பிக்கை: பைக்கில் போக எந்தத் தோல் ஜாக்கெட்டும் போதும்.

உண்மை: போதாது. தார்ச்சாலையில் தேய்ந்துகொண்டு போகும்போது தடிமனுக்கு மரியாதை உண்டு. மென்மையான செம்மறித் தோல் அங்கே சீக்கிரம் பிய்ந்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மாட்டுத் தோல், இரட்டைத் தையல், தோளிலும் முழங்கையிலும் காப்புத் தகடு ஆகியவற்றைப் பாருங்கள். ஐரோப்பியத் தர எண் இ.என். 17092 இருந்தால் நல்லது. அதில் ஏ-யைவிட ஏஏ, அதைவிட ஏஏஏ மேல்.

நம்பிக்கை: ரெக்சின் ஜாக்கெட்டைப் பத்திரமாக வைத்தால் தோல் மாதிரியே உழைக்கும்.

உண்மை: பாலியூரித்தேன் படலத்தைக் காற்றின் ஈரமே மெல்லச் சிதைக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில், அலமாரியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அது செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். அசல் தோலுக்கு வேறு பகை: பிளாஸ்டிக் உறையில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியால் போர்த்தி, அகலமான ஹேங்கரில் காற்றாட விடுங்கள்.