மண்டபத்து மணலில் காயும் கட்டக்கோரை

அன்புள்ள கயல்விழி,

உன் கட்டுரை வரைவைப் படித்தேன். 'ஒளி ஆல்ஜினேட் சங்கிலியைத் துண்டிக்கிறது' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். மூன்றையும் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மண்டபம் பக்கம் கட்டக்கோரை என்ற கடற்பாசியைக் கரையில் விரித்துக் காயப்போடுகிறார்களே, அந்த வெயில் ஏன் அதன் ஆல்ஜினேட்டைத் தூள்தூளாக்கிவிடவில்லை? காய்ந்ததை வாங்கித்தானே ஆலைக்காரர்கள் ஆல்ஜினேட் எடுக்கிறார்கள்?

உட்கவரப்படாத ஒளி எந்த வினையும் செய்யாது. இது 1817இல் வேதியியலாளர் குரோட்டஸ் சொன்னது. பிறகு டிரேப்பரும் தனியாகக் கண்டு சொன்னார். வெயிலில் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளி இல்லையே என்பாய். சரி, உன் விளக்கில் இருக்கிறது. அந்த ஒளியில் மோலுக்குச் சுமார் 470 கிலோஜூல். கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பை அறுக்க 350 போதும். கணக்கு சரியாக வருகிறது, ஆனால் ஆல்ஜினேட் என்ற சர்க்கரைச் சங்கிலி அந்த ஒளியைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்வதே இல்லை. கணக்கோடு நிறுத்திக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கண்டுகொள்வது நீ ஊற்றிய ஹைட்ரஜன் பெராக்சைடு. அதன் ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்புக்கு 210 கிலோஜூல்தான். மருந்துக்கடைக்காரர் அதைப் பழுப்புப் புட்டியில் வைப்பது சும்மாவா? பிளந்து வரும் ஹைட்ராக்சில் தனி உறுப்பு, சர்க்கரை வளையத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. தனி எலக்ட்ரானோடு நிற்கும் கார்பன் நிலைகொள்ளாமல் பக்கத்துக் கிளைக்கோசைடு பிணைப்பை அறுத்துக்கொள்கிறது. டைட்டானியம் டைஆக்சைடு போட்டாலும் கதை கிட்டத்தட்ட இதேதான். அந்த டைஆக்சைடின் மேல் ஒளி படுவதைப் பற்றி ஃபூஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் 'நேச்சர்' இதழில் எழுதியதை நூலகத்தில் நின்றபடியே படித்து முடித்தேன், இரண்டே பக்கம். பாசியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இராது, தண்ணீரைப் பிளப்பதுதான் விஷயம். இருந்தாலும் படி.

இன்னொன்று. வேறோரிடத்தில், சர்க்கரை அளவு கூடவில்லை, ஆகவே சிதைவு நடக்கவில்லை என்று உனக்கே முரணாகச் சொல்கிறாய். ஆயிரம் மணி கோத்த சரத்தை நடுவில் ஒரே இடத்தில் அறுத்துப் பார். உதிரி மணி ஒன்றுகூடக் கிடைக்காது, ஆனால் சரத்தின் நீளம் பாதியாகிவிடும். சங்கிலி குட்டையானால் கரைசலின் கொழகொழப்பு சட்டென்று இறங்கும். நூறு சங்கிலிக்கு நூறு வெட்டு, சர்க்கரைச் சோதனைக்கு அது கண்ணிலேயே படாது. இதற்குத்தான் ஆஸ்ட்வால்டு பாகுநிலைமானி. பழைய கண்ணாடிக் குழாய், மாணவர்கள் இப்போது அதிகம் தொடுவதில்லை. குறிக்குக் குறி இறங்க எத்தனை விநாடி என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே வா. முதல் அரைமணியிலேயே உனக்கு விடை தெரிந்துவிடும். விலை உயர்ந்த கருவிக்கு வரிசையில் நிற்பதெல்லாம் பிறகு.

விளக்கு மட்டும், இருட்டில் பெராக்சைடு மட்டும், இரண்டும் சேர்ந்து என மூன்றையும் தனித்தனியே செய். விளக்கின் சூடு குழப்பாமலிருக்க நீர்த்தொட்டியில் வை. எந்தக் குடுவை என்று நீ எழுதவே இல்லை. சாதாரணக் கண்ணாடி என்றால் 254 நானோமீட்டர் உள்ளேயே போயிருக்காது, எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். குவார்ட்ஸ் என்றால் செய்முறையில் ஒரு வரி சேர்த்துவிடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்